தொட்டுக்க இன்னா?

அஞ்சலை சாப்பிடும்போது டிபன் பாக்ஸின் மூடியைக் கழற்றிக் கீழே வைக்க மாட்டாள். இடது கையில் லேசாகச் சாய்த்துப் பிடித்துக்கொள்வாள். சோற்றில் ஈ உட்காராமல் மறைக்கிறாள் என்றுதான் புதிதாகப் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். அவள் மட்டுமல்ல, அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்தத் துணிக் கம்பெனியின் மொட்டை மாடியில், தகரக் கூரை போட்ட சாப்பாட்டுக் கொட்டகையில், பாதிப் பெண்கள் அப்படித்தான் சாப்பிட்டார்கள். மூடிக்குப் பின்னால் இருப்பது இன்னதென்று எல்லோருக்கும் தெரியும். வெறும் சோறு, ஓரத்தில் ஒரு துண்டு ஊறுகாய். இல்லாவிட்டால் முந்தின நாள் புளிக்குழம்பில் பிசைந்த சோறு. தெரிந்த விஷயம்தான் என்றாலும் அதைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட யாருக்கும் மனம் வராது.

அஞ்சலைக்கு நாற்பது தாண்டிவிட்டது. கொரட்டூர் ஏரிப் பக்கம் வாடகை வீடு. புருஷன் நடேசன் பெயின்டர். புதிதாகக் கட்டுகிற அடுக்குமாடிகளில் சாரம் ஏறிச் சுண்ணாம்பும் வண்ணமும் அடிக்கிற வேலை. மகன் விஷால் ஐ.டி.ஐ. படிக்கிறான். கம்பெனியில் அஞ்சலைக்குச் செக்கிங் வேலை. தைத்து வருகிற சட்டைகளைப் புரட்டிப் பார்த்து, நூல் பிசிறு வெட்டி, தையல் விட்டிருந்தால் ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டேதான் பார்க்க வேண்டும்.

வீட்டில் சமையல் இல்லாமல் இல்லை. காலையில் சோறு வடித்து ஒரு குழம்பு, ஒரு பொரியல், சில நாள் முட்டை என்று செய்துவிடுவாள். சாரம் ஏறுகிற மனுஷன், அவருக்கு முதல் டப்பா. படிக்கிற பிள்ளை, அவனுக்கு அடுத்தது. மூன்றாவது டப்பாவை எடுக்கும்போது சட்டியில் பொரியல் இருக்காது, வாசலில் ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். கையில் அகப்பட்டதை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவாள். இதைத் தியாகம் என்று அவள் நினைத்ததேயில்லை. வாங்குகிற காய் இரண்டு டப்பாவுக்குத்தான் வரும், அவ்வளவுதான். மத்தியானம் சோற்றைத் தின்றுவிட்டு மேலே ஒரு டீ. சாயங்காலம் கண்ணைக் கட்டும்போது கேட்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் இரண்டு பஜ்ஜி, இன்னொரு டீ.

மாடி ஏறும்போது மூச்சு வாங்க ஆரம்பித்து ஒரு வருஷம் இருக்கும். குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். வயசாகிறது என்று விட்டுவிட்டாள். பிறகு கம்பெனியில் ஒரு மெடிக்கல் கேம்ப் போட்டார்கள். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்த நர்ஸம்மா நிமிர்ந்தார்.

"எட்டுதாம்மா இருக்கு. பன்னெண்டு இருக்கணும். மத்தியானம் என்ன சாப்பிடுவீங்க?"

"சோறுதாங்க."

"தொட்டுக்க?"

அஞ்சலை பதில் சொல்லவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பதுபோல் அவளுக்குத் தோன்றியது.

நர்ஸம்மா அதற்குமேல் துருவவில்லை. இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, பொறுமையாகத்தான் சொன்னார். "சோறு வயித்த ரொப்பும், ரத்தம் ஊறாது. கீரை, பயறு, முட்டை, மீனு, இதுல ஏதாவது ஒண்ணு ரெண்டு தினமும் சேருங்க. கீரையில கொஞ்சம் எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்குங்க. ஆப்பிளும் மாதுளையும்தான் வேணும்னு இல்ல. முக்கியமா, சாப்பிட்ட ஒடனே டீ குடிக்காதீங்க. சத்து ஒட்டாது."

மற்றதையெல்லாம் அஞ்சலை ஒத்துக்கொண்டாள். டீ விஷயத்தில் தலையை மட்டும் ஆட்டிவைத்தாள்.

அந்த வாரம் அவள் முயற்சி செய்யாமல் இல்லை. ஒரு கட்டு அரைக்கீரை வாங்கி, ஆய்ந்து கழுவி, கடைந்தாள். விஷால் மூக்கைச் சுளித்துக்கொண்டான். நடேசன் ஒரு கரண்டிக்குமேல் தொடவில்லை. மிச்சம் மறுநாள் புளித்துப் போயிற்று. கடலை ஊறப் போட்டாள். ஒரு கைப்பிடிக் கடலைக்காகக் குக்கர் ஏற்றினால் கேஸ் என்னவோ ஒரு படிக்கு ஆகிற கேஸ்தான். முட்டை இன்னும் தொல்லை. தனக்கென்று ஒரு முட்டையை அவித்துத் தனியாகத் தின்ன முடியுமா? அவித்தால் மூன்று அவிக்க வேண்டும். தினம் மூன்று என்றால் மாசக் கடைசியில் இடிக்கும். அடுத்த வாரம் டப்பாவில் பழையபடி ஊறுகாய் வந்து உட்கார்ந்துகொண்டது. மாத்திரையை மட்டும் விடாமல் போட்டாள். அதுவும் டீயோடு.

ஜீனத் அப்போது அவளுக்கு அவ்வளவு பழக்கமில்லை. தையல் லைனில் காலர் வைக்கிற பெண். பூந்தமல்லியிலிருந்து வருகிறவள். புருஷன் ராஷித் அங்கேயே ஒரு பைக் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். மூன்று வயதுக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட ரோட்டில் பஸ் ஊர்ந்து ஊர்ந்து வர, தினமும் கடைசி ஆளாக மெஷினில் உட்காருவாள். ஒரு நாள் மத்தியானம் அவள் பெரிய டப்பா ஒன்றைத் திறந்து அஞ்சலை பக்கம் தள்ளினாள். உள்ளே கருப்புக் கொண்டைக்கடலை, தேங்காய் போட்டுத் தாளித்தது.

"அக்கா, எடுத்துக்கங்க. விருந்தாளி வர்றாங்கன்னு நெறைய ஊறப் போட்டுட்டேன். கடைசில அவங்க வரல. வீணாப் போவுது."

அஞ்சலை முதலில் ஒரு ஸ்பூன் எடுத்தாள். ஜீனத் விடாமல் அள்ளி வைத்தாள். ருசி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அஞ்சலைக்கு மனதில் நின்றது வேறு. அன்று சாயங்காலம் பஜ்ஜி வண்டியைத் தாண்டி நடந்தபோதுதான், பசி வரவில்லை என்பது உறைத்தது.

அடுத்தவர் கொடுத்த கடலைக்குப் பதில் செய்யாமல் இருக்க முடியாது. மறுநாள் ஒரு கட்டுக் கீரையைப் பருப்புப் போட்டுக் கடைந்து, முக்கால்வாசியை ஒரு டப்பாவில் அடைத்து எடுத்துப் போனாள். இரண்டு பேரும் வழித்துச் சாப்பிட்டார்கள். டப்பாவைக் கழுவும்போது அஞ்சலை சொன்னாள்:

"ஒரு கட்டு எனக்குன்னா ஜாஸ்தி. ரெண்டு பேருக்குன்னா சரியாக் கீது பாரு."

"எனக்கும் அதான் கா. கடலை கொஞ்சமா வேவ வெக்கவே பிடிக்கல."

"அப்ப ஒண்ணு பண்ணலாமா? நாளைக்கு நீ எதாச்சும் கொண்டா, ரெண்டு பேருக்கு. நான் வெறுஞ்சோறு எடுத்தாறேன். நாளன்னிக்கு நான் கொண்டாறேன். ஒரு நாளைக்குச் செஞ்சா ஒரு நாளைக்கு நிம்மதி."

இப்படித்தான் ஆரம்பித்தது. யாரும் யோசனை பண்ணிச் செய்ததில்லை.

மூன்றாவதாகச் சேர்ந்தவள் இலக்கியா. செய்யாறு பக்கத்துப் பெண், இருபது வயது, எஸ்டேட்டுக்குப் பின்னால் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். ஹாஸ்டல் சாம்பாரில் காயைத் தேடி அலுத்தவள். "எனக்கு அடுப்பே இல்லியே, நான் என்னக்கா கொண்டு வர்றது?" என்றாள். இரண்டு நாள் கழித்து அவளே வழி கண்டுபிடித்தாள். தண்ணீர் சுட வைக்கிற கரண்ட் கெட்டிலில், வார்டனுக்குத் தெரியாமல், மூன்று முட்டை அவித்துக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தாள். ஊருக்குப் போய்விட்டு வந்தால் ஒரு பை வேர்க்கடலை வரும். மற்ற நாள் தள்ளுவண்டியில் கொய்யாவோ பப்பாளியோ வாங்கி நறுக்கி வைப்பாள்.

நான்காவது வேம்புலியம்மாள். ஐம்பதைத் தாண்டியவள், கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிற வேலை. அயனம்பாக்கத்திலிருந்து வருகிறாள். சாப்பாட்டுக் கொட்டகையைத் துடைக்க வந்தவளை அஞ்சலைதான் இழுத்து உட்கார வைத்தாள். அவள் உட்கார்ந்ததும் ஜீனத்தின் டப்பாவை எட்டிப் பார்த்தாள்.

"இன்னா கறி இது?"

"நெத்திலிக்கா. கொழம்பு வெச்சிக்கீறேன்."

"மீனா? சரி சரி." அவள் கொஞ்சம் தயங்கினாள். "இல்ல, மாட்டுக்கறியோன்னு பாத்தேன். எனக்கு ஆவாது."

"ஊட்ல செய்வோங்கா. இங்க எடுத்தார மாட்டேன். எது கொண்டாந்தாலும் இன்னதுன்னு சொல்லிடுவேன், போதுமா?"

"செவ்வா வெள்ளில முட்டையும் சேர்த்துக்க மாட்டேன் நானு."

"அன்னிக்குக் கடலைய போட்டுட்டாப் போச்சு," என்றாள் அஞ்சலை.

இதற்குமேல் அதைப் பற்றிப் பேச்சில்லை. வேம்புலியம்மாளுக்குச் செவ்வாயும் வெள்ளியும் முறை வந்தது. பயறு, காராமணி, கடலை என்று சுண்டல் வகை. ஜீனத்துக்கு மீன், அல்லது ஏதாவது கூட்டு. பூந்தமல்லி மார்க்கெட்டில் மத்தி மலிவாகக் கிடைக்கிற நாளில் மத்தி. மாசத்தில் ஒரு தடவை ஆட்டு ஈரல் கொஞ்சமாக வாங்கி, மிளகு போட்டு வறுத்து, ஆளுக்கு இரண்டு துண்டு. அஞ்சலைக்குக் கீரையும் பொரியலும்.

வீட்டில் நடேசன் ஒரு நாள் காலையில் சமையலறை வாசலில் நின்று பார்த்தான். அடுப்பில் பெரிய சட்டி ஏறியிருந்தது.

"இன்னாமே, ஊருக்கே சமைக்கிறியா?"

"நான் ஒரு நாளைக்கு நாலு பேருக்குச் செய்றேன்யா. மத்த நாளுக்கு மூணு பேரு எனக்குச் செய்றாங்க. லாபம் யாருக்குன்னு நீயே சொல்லு."

நடேசன் மனதுக்குள் போட்டுப் பார்த்தான். குறை ஒன்றும் அகப்படவில்லை. "அப்ப எனக்கு?" என்றான்.

"அதுல ரெண்டு கரண்டி ஒன் டப்பாலயும் கீது. திருப்பிக் கொண்டாராம துன்னுட்டு வா."

அவன் தின்றுவிட்டுத்தான் வந்தான். பெரிய சட்டியில் செய்தால் வீட்டுக்கும் மிஞ்சுகிறது என்பதை அஞ்சலை அதற்குப் பிறகுதான் கவனித்தாள். விஷால் மட்டும் கீரைக்கு வழிக்கு வரவில்லை. அவனுக்குச் சுண்டல்தான் பிடித்தது.

இப்படி இரண்டு மூன்று மாசம் நன்றாக ஓடியது. மூடிகளை மல்லாத்தி வைத்து அவற்றில்தான் பங்கு போட்டுக்கொண்டார்கள். பிறகு வேம்புலியம்மாளின் டப்பா இளைக்க ஆரம்பித்தது. முதலில் சுண்டல் அரை டப்பாவாக வந்தது. அடுத்த வாரம் தண்ணீராகக் காராமணிக் குழம்பு. கரண்டியை விட்டுத் துழாவினால்தான் காராமணி தட்டுப்படும். ஒரு வெள்ளிக்கிழமை, "விரதம்டி, நீங்க சாப்பிடுங்க" என்று அவள் வரவே இல்லை.

"நாம மட்டும் முழுசாக் கொண்டு வர்றோம்," என்று இலக்கியா முணுமுணுத்தாள். "முட்டைக்கு நான் எவ்ளோ பயந்து பயந்து கெட்டில் வெக்கிறேன் தெரியுமா?"

அஞ்சலைக்கு உள்ளுக்குள் புகைந்தது. இழுத்து உட்கார வைத்தது அவள்தானே. அடுத்த செவ்வாய்க்கிழமை வேம்புலியம்மாள் டப்பாவைத் திறந்தாள். அடியில் கொஞ்சம் கடலை. நாலு பேருக்கு ஆளுக்கு ஒரு ஸ்பூன்கூட வராது.

"இன்னா யக்கா, கடலைய எண்ணி எண்ணிப் போட்டியா?" என்று கேட்டுவிட்டாள் அஞ்சலை. வேடிக்கை மாதிரி கேட்க நினைத்தாள். குரல் அப்படி வரவில்லை. பக்கத்து பெஞ்சுக்காரிகள் இரண்டு பேர் சிரித்தார்கள்.

வேம்புலியம்மாள் அவளைப் பார்த்தாள். டப்பாவை மூடினாள். "எனக்கு வேல கீது" என்று எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் அவள் கொட்டகைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மாடிப்படி முடிகிற இடத்தில், கீழ்த்தளத்தில், துடைப்பமும் பக்கெட்டும் வைக்கிற இடுக்கில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டாள். அஞ்சலை இறங்கிப் போய், "யக்கா, தப்பா சொல்லிட்டேன், வா" என்றாள்.

"நீ இன்னா தப்பா சொன்னே? கம்மியாத்தான இருந்துச்சி."

"அதுக்கில்ல..."

"வாணாம்டி. எனக்கு இதுவே போதும். ஒங்க பங்குல வந்து வாய் வெக்கறதுக்கு எனக்கு ஒரு மாதிரியா கீது."

கையில் மூடியைச் சாய்த்துப் பிடித்திருந்தாள் வேம்புலியம்மாள். அஞ்சலைக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை. மேலே வந்துவிட்டாள். ஜீனத் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு கீழே போனாள். அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். "பசிக்கலன்றாங்க," என்றாள்.

இந்த மாதிரி ஒரு வாரம் போயிற்று. ஒரு நாள் மணி அடித்ததும் அஞ்சலை மாடிக்கு ஏறவில்லை. தன் டப்பாவை எடுத்துக்கொண்டு நேராகப் படிக்கட்டு இடுக்குக்குப் போய், பக்கெட்டை நகர்த்தி வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்தாள். வேம்புலியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாடி?"

"மேல வெயிலு. தகரம் கொதிக்குது. இங்க குளுகுளுன்னு கீது."

பின்னாலேயே ஜீனத் வந்தாள். இலக்கியாவும் வந்தாள், முகத்தைக் கொஞ்சம் உம்மென்று வைத்துக்கொண்டு. நான்கு பேர் உட்கார்ந்தால் முட்டி இடிக்கிற இடம். யாரும் எதையும் பங்கு போடவில்லை. அவரவர் டப்பாவை அவரவர் வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரம் பொறுத்து வேம்புலியம்மாள் தானாகவே பேசினாள், யாரையும் பார்க்காமல்.

"மருமவ வந்ததுலேர்ந்து அடுப்பு என் கையில இல்லடி. சம்பளத்த அப்டியே மவன் கையில குடுத்துட்றேன். கெட்ட பொண்ணுன்னு சொல்ல மாட்டேன், அதும் இருக்கறதுல ஓட்டணும்ல. ஆனா ஒரு ஆழாக்கு கடலை எடுத்தா எதுக்கு அத்தைன்னு கேக்குது. கம்பனில நாலு பேருக்குக் குடுக்கன்னு எப்டி சொல்லுவேன்? அவங்க படுத்தப்புறம் ஒரு கைப்பிடி எடுத்து என் தண்ணி சொம்புல ஊறப் போடுவேன். காத்தால அத்து எழுந்திரிக்கறதுக்குள்ள வேவ வெச்சிருவேன். ஒரு நாள் சொம்ப பாத்துடுச்சி."

இலக்கியாதான் முதலில் அழுதாள். வேம்புலியம்மாள் அவளை அதட்டினாள். "ஏ, இன்னாத்துக்கு அழுவுற? நான் இன்னா செத்தா பூட்டேன்? சோத்தத் துன்னு."

அஞ்சலை தன் கீரையில் பாதியை எடுத்து அவள் சோற்றில் வைத்தாள். இந்தத் தடவை வேம்புலியம்மாள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "சும்மா துன்ன மாட்டேன் நானு," என்றாள்.

"தெரியும். அதான் இன்னா பண்ணலாம்னு ரோசன பண்ணிகினு கீறேன்," என்றாள் அஞ்சலை.

யோசனை பண்ண வேண்டியிருக்கவில்லை. அந்த இடுக்குக்கு எதிரே கதவு. கதவுக்கு வெளியே ஜெனரேட்டர் ஷெட். ஷெட்டுக்குப் பின்னால் மதில் ஓரமாக ஒரு முருங்கை மரம், யார் நட்டதோ தெரியாது. கிளை மதிலுக்கு மேலே கவிந்திருந்தது. சாப்பிட்டுக் கை கழுவப் போன வேம்புலியம்மாள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"ஏண்டி, இத்த தெனம் நான்தான் பெருக்கிக் கொட்றேன். உருவிக் குடுத்தா நீங்க செய்வீங்களா?"

"செய்வீங்களாவா?" என்றாள் ஜீனத். "வெளிய ஒரு கட்டு இன்னா வெல விக்குதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

முருங்கைக்கீரையில் வேலையே உருவுவதுதான். காம்பு நீக்கி இலையைத் தனியாக எடுக்க நேரம் பிடிக்கும். அதனாலேயே அஞ்சலை காலையில் அதன் பக்கம் போகமாட்டாள். இனிமேல் வேம்புலியம்மாள் வேலை முடிகிற நேரத்தில் கிளை ஒடித்து, உட்கார்ந்து உருவி, ஒரு கவரில் போட்டு, நாளை யார் முறையோ அவர் கையில் கொடுத்துவிடுவாள். பயறு ஊறப் போடுகிற முறையை அஞ்சலையும் ஜீனத்தும் பிரித்துக்கொண்டார்கள். வேம்புலியம்மாளுக்கு வீட்டில் யாரிடமும் ஒரு பிடி கேட்க வேண்டியதில்லை.

மூன்றாம் நாளே தடங்கல் வந்தது. கேட்டில் இருக்கிற செக்யூரிட்டி தேவராஜ், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மரத்தடிக்கு வந்தார். மனைவி இறந்து தனியாக இருக்கிற மனுஷன், ஆவடியில் ஒற்றை அறை. ரூல் என்றால் ரூல்தான் அவருக்கு.

"இந்தாம்மா, மரம் கம்பெனி மரம். மேனேஜர கேக்காம ஒடிக்கக் கூடாது."

"எல இங்க கொட்டிக் கெடந்தா பெருக்கறது யாரு? மேனேஜரா?" என்றாள் வேம்புலியம்மாள்.

"அது வேற. ஒடிக்கறது வேற."

அஞ்சலை சண்டைக்குப் போகவில்லை. மறுநாள் நேராக மேனேஜரிடமே போய்க் கேட்டாள். அவருக்கு அப்படி ஒரு மரம் இருப்பதே தெரியாது. "பறிச்சுக்கங்க, கரண்ட் ஒயர்ல கிளை விழாம பாத்துக்கங்க" என்றார். அன்று மத்தியானம் முருங்கைக்கீரைப் பொரியலில் ஒரு பங்கைக் கேட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். தேவராஜ் அதைத் திருப்பி அனுப்பவில்லை.

மழைக் காலம் வந்தபோது மரம் முழுக்கக் கம்பளிப் பூச்சி அப்பிக்கொண்டது. இரண்டு மாசத்துக்கு யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. அப்போது வேம்புலியம்மாள் காலையில் அயனம்பாக்கத்தில் கீரைப் பாத்தி வழியாக நடந்து வந்து, தெரிந்தவளிடம் மலிவாகச் சிறுகீரையோ அரைக்கீரையோ இரண்டு கட்டு வாங்கி வருவாள். ஷேர் ஆட்டோவுக்கு வைத்திருந்த காசை நடந்து மிச்சப்படுத்தினாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அஞ்சலை திட்டினாள். அவள் கேட்கவில்லை.

மறு வருஷம் கேம்ப் வந்தது. அதே நர்ஸம்மாதான். அஞ்சலைக்கு ரத்தம் பத்தரைக்கு ஏறியிருந்தது. "பரவாயில்லயே, இன்னும் கொஞ்சம் வரணும், மாத்திரைய விடாதீங்க" என்றார். டீயை என்ன செய்தீர்கள் என்று கேட்டார். அஞ்சலை உண்மையைச் சொன்னாள். விடவில்லை, சாப்பிட்டு ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டிருக்கிறாள். அதற்கே அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆகிவிடவில்லை. ஜீனத்துக்கு எண் அப்படியேதான் நின்றது. ஏன் என்று பார்க்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். வேம்புலியம்மாளுக்கு ரத்தம் சரியாக இருந்தது, ஆனால் சர்க்கரை இருப்பது தெரியவந்தது. அன்றிலிருந்து சோற்றைக் குறைத்துக்கொண்டு சுண்டலைக் கூட்டி எடுத்துக்கொள்கிறாள். வீட்டில் மருமகளிடம் அதைச் சொன்னாளாம். "டாக்டர் சொன்னாங்களா அத்தை?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் அந்தப் பெண் தானாகவே கடலை ஊறப் போட்டிருக்கிறாள். முதலிலேயே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம் என்று அஞ்சலை சொன்னதற்கு, "சொல்றது அவ்ளோ சுளுவாடி?" என்று கேட்டாள் வேம்புலியம்மாள். அஞ்சலைக்கு அந்த நர்ஸம்மாவின் முன்னால் தான் வாயடைத்து நின்றது நினைவுக்கு வந்தது.

மாடிக் கொட்டகையில் இப்போது அங்கங்கே மூன்று நான்கு பேராகச் சேர்ந்து உட்காருகிறார்கள். சில கூட்டங்கள் ஒரு மாசத்தில் சண்டை போட்டுக் கலைந்தன. சில நிற்கின்றன. அஞ்சலையிடம் வந்து எப்படிச் செய்வது என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்த்துக்கொண்டார்கள்.

இலக்கியா தை மாசம் கல்யாணம் ஆகி ஊரோடு போய்விட்டாள். போகும்போது கெட்டிலை ஜீனத்திடம் கொடுத்தாள். முட்டைக்கு ஆள் இல்லாமல் போயிற்று. அந்த வாரம் ஒரு நாள், இப்போதும் அவர்கள் சாப்பிடுகிற படிக்கட்டு இடுக்கு வரைக்கும் தேவராஜ் வந்து, தொப்பியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் பொண்ணு எடம் காலியாத்தான கீது?"

பெண்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க இன்னா எடுத்தாருவீங்க?" என்று வேம்புலியம்மாள் கேட்டாள்.

"எங்க ஊட்டுக்காரி போனதுலேர்ந்து நான்தான் பொங்கிக்கிறேன். கத்திரிக்காய் காரக்கொழம்பு வெப்பேன். கடலை போட்டு. ஓட்டல் மாதிரி இருக்கும்."

ஒரு ஆம்பளை கூட உட்கார்ந்து சாப்பிடுவதா என்று ஜீனத் தயங்கினாள். அவர் கேட்டிலேயே இருக்கட்டும், டப்பா மட்டும் போய் வரட்டும் என்று அஞ்சலை முடிவு சொன்னாள். அது எல்லோருக்கும் ஒத்துவந்தது. அடுத்த புதன்கிழமை தேவராஜின் குழம்பு வந்தது. மூடியைத் திறந்தால் மேலே ஒரு விரல் கனத்துக்கு எண்ணெய் மிதந்தது. கத்திரிக்காய் உள்ளே எங்கோ முழுகிக் கிடந்தது. ருசி என்னவோ அபாரம். மூன்று பேரும் வழித்துச் சாப்பிட்டு முடித்தார்கள்.

டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுக்க அஞ்சலையே கேட்டுக்குப் போனாள். தேவராஜ் எழுந்து நின்றார்.

"எப்டிம்மா?"

"நல்லா இருந்துச்சிண்ணே. அடுத்த தபா எண்ணெய பாதியா கொறச்சிகினு, கடலைய ரெண்டு பங்கா போடுங்க. வேம்புலிக்காவுக்குச் சக்கரை கீது."

"அப்ப ருசி போயிடுமே?"

"போனா போவுது. வெச்சிப் பாருங்க," என்று சொல்லிவிட்டு, மணி அடிப்பதற்குள் அஞ்சலை செக்கிங் மேஜைக்குத் திரும்பினாள்.